கோட்டுக்கு வெட்டாதீர்கள்

வடசென்னையில் வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு பாடம் சொல்லித் தரப்படுகிறது. முதலில் பாட்டை டைம்லைனில் இறக்கு. பீட் விழுகிற இடமெல்லாம் மார்க்கர் வை. பிறகு மார்க்கருக்கு மார்க்கர் கிளிப்பை அடுக்கு. பாட்டில்லாத வீடியோ என்றால் மூன்று வினாடிக்கு ஒரு கோடு. எந்த ஷாட்டும் கோட்டைத் தாண்டி நிற்கக் கூடாது. தண்டையார்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் மாடிப்படிக்கு அடியிலும் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னாலும் இயங்குகிற, கல்யாண வீடியோ வெட்டித் தரும் மிக்ஸிங் கடைகளில் இதைத்தான் சொல்கிறார்கள். பெரிய கட்டணம் வாங்கும் பயிற்சி மையங்களிலும் இதேதான் பாடம். "மார்க்கர் போட்டுட்டா போதும்ணா, கட்டு தானா வந்து உக்காந்துக்கும்" என்று ஒரு தம்பி என்னிடம் முழு நம்பிக்கையோடு சொன்னான்.

அவனுக்கும் அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர்களுக்கும் என் பதில்: அப்படித் தானாக வந்து உட்காரும் கட் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் உட்காருகிறது. ஒரு ஷாட் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதை அந்த ஷாட்டுக்குள் நடக்கிற காரியம்தான் தீர்மானிக்க முடியும். பீட் மார்க்கர், வேவ்ஃபார்ம், வினாடிக் கட்டம், பார்வையாளர் எப்போது விலகினார் என்று காட்டும் வரைபடம் ஆகியவை எடுத்த முடிவைச் சரிபார்க்க உதவும். முடிவையே அவற்றிடம் விட்டால், திரையில் நிற்கிற மனிதருக்கு உரிய நேரத்தை அவரிடமிருந்து பறிக்கிறோம். உழைப்பையும் காத்திருப்பையும் வைத்தே வாழ்க்கை ஓடுகிற எங்கள் பகுதியைப் படமெடுத்து வெட்டும்போது இந்தப் பறிப்பு இன்னும் கொடியது.

கோட்டை நம்புகிறவர்கள் கணக்கை நம்புகிறவர்கள். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். நிமிடத்துக்கு 120 பீட் ஓடும் ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பீட்டுக்கு அரை வினாடி. வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் சினிமாவில் அது சரியாக 12 ஃப்ரேம். ஆனால் நம் ஊர் கல்யாண வீடியோவும் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் 25 ஃப்ரேமில் ஓடுவதுதான் நெடுநாள் வழக்கம். அங்கே அரை வினாடி என்பது பன்னிரண்டரை ஃப்ரேம். அரை ஃப்ரேமில் யாராலும் வெட்ட முடியாது. ஒரு கட் 12லும் அடுத்தது 13லும் விழும். பாட்டின் வேகம் 130 பீட் என்றால் ஒரு பீட்டுக்கு 11.54 ஃப்ரேம் வரும். இடைவெளி ஒருமுறை 11 ஆகவும் மறுமுறை 12 ஆகவும் மாறிக்கொண்டே போகும். துல்லியம் என்ற பெயரில் கும்பிடப்படும் கோடே ஒரு தோராயம்தான்.

அந்தத் தோராயத்தையும் மன்னித்துவிடலாம். காதும் கண்ணும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லையே, அதை என்ன செய்வது? ஒலியைக் கேட்டு எதிர்வினை காட்ட மனிதருக்குத் தேவைப்படும் நேரம், ஒளியைக் கண்டு எதிர்வினை காட்டத் தேவைப்படுவதைவிட ஏறத்தாழ 30, 40 மில்லிவினாடி குறைவு. 25 ஃப்ரேம் ஓடும் வீடியோவில் ஒரு ஃப்ரேமின் நீளமே 40 மில்லிவினாடி. அனுபவமுள்ள எடிட்டர்கள் பல நேரம் பீட்டுக்கு ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்னாலேயே வெட்டிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். முந்தைய ஷாட்டில் பார்வை திரையின் இடது ஓரத்தில் இருந்து, புது ஷாட்டில் முகம் வலது ஓரத்தில் வந்தால், கண் அங்கே போய்ச் சேரவே வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். மீதி நேரத்துக்குள் அடுத்த கோடு வந்து நிற்கும். பார்வையாளர் முகத்தைக் கண்டு மனதில் வாங்குவதற்குள் முகம் போய்விடும். வேவ்ஃபார்மும் இப்படித்தான். அந்த அலை காட்டுவது ஒலியின் வலுவை. ஒரு சொல் எங்கே தொடங்குகிறது என்பதை அதன் உச்சி காட்டாது. மகரத்தில் தொடங்கும் சொல்லை மெல்ல எடுத்து நெடிலில் ஏற்றிப் பாடுகிறவரின் குரலில், அலையின் உச்சி சொல் தொடங்கி நன்றாகப் பிந்தியே வரும். உச்சியைப் பார்த்து வெட்டினால் வாய் திறந்த கணம் முந்தைய ஷாட்டோடு போய்விடும்.

"பாட்டு வீடியோவிலாவது பீட்டுக்கு வெட்ட வேண்டாமா?" என்று கேட்பார்கள். எங்கள் பாட்டான கானாவை வைத்தே பதில் சொல்கிறேன். சாவு வீட்டில் பாடுகிற மரண கானாவைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: பாடகர் இறந்தவர் பேரைச் சேர்த்து, உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்து, ஒரு வரியை இழுப்பார், இன்னொன்றைச் சட்டென்று முடிப்பார். தாளம் அவருக்காகக் காத்திருக்கும். ஸ்டுடியோவில் கிளிக் ஓட்டிப் பதிவாகிற இன்றைய கானாவில் தாளம் காத்திருப்பதில்லை. ஆனாலும் குரல் இன்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. தாளத்துக்குப் பின்னால் தங்கி, தாண்டி, திரும்ப வந்து சேர்கிறது. தாளத்தோடு குரல் நடத்துகிற இந்த இழுபறியில்தான் கானா இருக்கிறது. அதன்மேல் அடிக்கொரு கட் போடும்போது படம் தாளத்தோடு சேர்ந்துகொண்டு குரலை எதிர்க்கிறது. பாடகர் சொல்லைப் பிடித்து நிறுத்துகிற இடத்தில் அவர் முகம் தேவை. அந்த இடத்தில் நமக்குக் கிடைப்பது பைக்கின் சக்கரம், கூலிங்கிளாஸ், கழுத்துச் சங்கிலி, மறுபடி சக்கரம்.

பீட்டோடு பொருந்தாமல் வெட்டுவதில் எவ்வளவு வலு இருக்கிறது என்பதை நூறாண்டுக்கு முன்பே ஒருவர் செய்து காட்டிவிட்டார். 1925ல் வந்த 'போர்க்கப்பல் போட்டெம்கின்' படத்தின் ஒடெசா படிக்கட்டுக் காட்சியில் படைவீரர்களின் பூட்ஸ் கால்கள் இறங்கி வருகின்றன. அந்தக் காலடியின் லயமும் கட்டின் லயமும் வேண்டுமென்றே ஒத்துப்போகாமல் வைக்கப்பட்டவை. அந்தப் படத்தை இயக்கி, 1929ல் மாண்டாஜ் முறைகளை, அதாவது ஷாட்களை ஒட்டும் முறைகளை, வகைப்படுத்தி எழுதிய ஐசன்ஸ்டீன், ஷாட்டின் நீளத்தை மட்டும் அளந்து ஒட்டுகிற அளவு மாண்டாஜை முதற்படியாக, மிக எளிய வகையாக வைத்தார். ஷாட்டுக்குள் இருக்கும் அசைவைக் கணக்கில் எடுக்கும் தாள மாண்டாஜை அதற்கு மேலே வைத்தார். அதற்கு எடுத்துக்காட்டாக அவர் காட்டியதும் இந்தப் படிக்கட்டுக் காட்சியைத்தான். இன்று நம் பயிற்சி மையங்களில் இந்த முதற்படியே மொத்தப் பாடமாகிவிட்டது.

இனி, எனக்கு மிகவும் வலிக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. மீனவர்கள் படகில் போய் வாளியும் குவளையுமாக அதைக் கையாலேயே அள்ளினார்கள். அந்த நாட்களில் கைபேசிக்குக் கைபேசி பறந்த வீடியோக்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு: ட்ரோனில் கறுத்த நீர், அடுத்த அடிக்குப் படகு, அடுத்த அடிக்கு எண்ணெய் வழியும் கை, அடுத்த அடிக்கு செத்த மீன். பின்னணியில் திகிலான இசை. அக்கறையோடு செய்தவர்கள்தான், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வேலையைப் பாருங்கள். படகு விளிம்பில் குனியவேண்டும். குவளை எண்ணெய்ப் படலத்தை மட்டும் எடுக்கும்படி தண்ணீரில் சாய்த்து வைக்கவேண்டும். தூக்கும்போது கலந்து வந்த நீரை வடியவிடவேண்டும். வாளியில் ஊற்றவேண்டும். குவளையின் வெளிப்புறத்தில் ஒட்டியதை வழிக்கவேண்டும். திரும்பக் குனியவேண்டும். இதை ஒரு முழுச் சுற்று பார்த்தால்தான், அள்ளிய இடத்தில் எண்ணெய் மறுபடி வந்து மூடிக்கொள்வது தெரியும். இரண்டாம் சுற்றையும் பார்த்தால்தான் இந்தக் கழிமுகத்தைக் குவளையால் சுத்தம் செய்யச் சொன்னது எப்பேர்ப்பட்ட அநியாயம் என்பது உறைக்கும். இரண்டு வினாடியில் வெட்டினால் பார்ப்பவருக்குக் கிடைப்பது ஒரு சைகை மட்டும். வேலை எவ்வளவு கடினம், எவ்வளவு பயனற்றது, அது எவ்வளவு நேரம் ஒருவரின் நுரையீரலுக்கு அருகில் நடந்தது என்பதெல்லாம் அந்த ஷாட்டின் நீளத்தில்தான் இருந்தது. நீளத்தை வெட்டியபோது செய்தியையே வெட்டிவிட்டார்கள்.

எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளும் இப்படித்தான். லாரி வரிசையை இரண்டு வினாடி காட்டினால் அது டிராஃபிக். ஓட்டுநர் வண்டியிலிருந்து இறங்கி, டயரோரம் நிழலில் உட்கார்ந்து, எழுந்து முன்னால் எட்டிப் பார்த்து, திரும்ப உட்காருவது வரை காட்டினால் அது ஒருவருடைய நாள். காசிமேட்டில் வலை பின்னுகிறவரின் விரலையும் ஊசியையும் அடிக்கு அடி மாற்றிக் காட்டினால் அது அலங்காரம். ஒரு கண்ணியை முடித்து அடுத்ததற்குப் போகும்வரை பொறுத்தால் எத்தனை கண்ணி சேர்ந்து ஒரு வலை ஆகிறது என்று பார்ப்பவர் தாமே எண்ணத் தொடங்குவார்.

பேட்டிகளில் இது இன்னும் மோசம். பேசுகிறவர் நிறுத்துகிற இடங்களை வேவ்ஃபார்மில் தட்டையாகக் காட்டி, ஒரே பொத்தானில் எல்லா மௌனத்தையும் நீக்கித் தரும் வசதி இன்று பல மென்பொருள்களில் வந்துவிட்டது. மீன் விற்கும் ஒரு அம்மா, "என் புள்ளைக்கு மூச்சுத் திணறல்..." என்று தொடங்கிவிட்டு நிறுத்துகிறார். முந்தானையைச் சரிசெய்கிறார். பிறகு, "அத்த வுடுப்பா, வேற கேளு" என்கிறார். மென்பொருளின் கணக்கில் நடுவில் இருப்பது வெற்றிடம். அதை எடுத்துவிட்டால் அவர் பிள்ளையைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிற பெண்ணாகத் தெரிவார். அவரை அப்படிக் காட்ட எந்த எடிட்டருக்கும் உரிமை இல்லை.

வடசென்னை என்றாலே வேகம், சத்தம், கத்தி என்று தமிழ்நாடு முழுக்கப் பதிந்து போனதற்கு வெட்டும் முறைக்கும் பங்குண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். பறை அடிக்கு ஒரு முகம், அடுத்த அடிக்கு ஒரு குறுகிய சந்து, அடுத்த அடிக்கு ஒரு அரிவாள். எந்த முகத்துக்கும் யோசிக்கிற நேரம் தரப்படாததால் யோசிக்கிறவர்கள் யாருமே இங்கே இல்லை என்ற எண்ணம் பார்ப்பவருக்கு வந்துவிடுகிறது. இதற்கு மாறாக வெட்டிய படங்களும் இருக்கின்றன. 2018ல் வந்த வெற்றிமாறனின் 'வடசென்னை', கொலை நடந்து முடிந்தபின் நான்கு பேர் ஓர் உணவு விடுதியில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பதில் தொடங்குகிறது. வெட்டு நடப்பதை அங்கே காட்டவில்லை. வெட்டியவர்கள் உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் காட்டுகிறது. எடிட்டர்கள் ஜி.பி. வெங்கடேஷும் ஆர். ராமரும் அங்கே பீட்டுக்கு ஓடியிருந்தால் அது நூற்றியோராவது ரவுடிப் படமாகியிருக்கும். பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படத்தில் டான்சிங் ரோஸ் என்ற குத்துச்சண்டை வீரர் வளையத்துக்குள் வரும்போது, அவர் காலில் ஒரு தாளம் இருக்கிறது. அது எதிராளியின் காலிலும் இல்லை, கூட்டத்தின் கூச்சலிலும் இல்லை. செல்வா ஆர்.கே.வின் எடிட்டிங் அந்தக் காலுக்கு இடம் விடுவதால்தான் அவரை அடிப்பது ஏன் கடினம் என்று நமக்குப் புரிகிறது. எண்ணூரிலேயே எடுக்கப்பட்ட 'சென்னை பொறம்போக்குப் பாடல்' வீடியோவையும் சொல்லவேண்டும். 2017ல் டி.எம். கிருஷ்ணா பாடியது, கபேர் வாசுகி எழுதியது, ரதீந்திரன் பிரசாத் இயக்கியது. நின்று நிதானித்துப் பாடும் கர்நாடக முறை, அந்த இடத்தை அவசரமாகக் கடந்து போகவிடாமல் பார்ப்பவரைப் பிடித்து நிறுத்துகிறது.

இப்போது எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதம்: "மக்களுக்குப் பொறுமை கிடையாது, டேட்டாவே சொல்லுது." 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்டது. அடுத்த மாதமே ரீல்ஸும் செப்டம்பரில் ஷார்ட்ஸும் இந்தியாவுக்கு வந்தன. அன்றிலிருந்து இந்த வாதம் வேதவாக்காகிவிட்டது. யூடியூப் தருகிற வரைபடத்தில் 18ஆவது வினாடியில் கோடு சரிந்தால், 18ஆவது வினாடிக்கு முன் ஒரு கட் போடு என்கிறார்கள். அந்தக் கோடு காட்டுவது பார்த்தவர்களில் எத்தனை பங்கு பேர் இருந்தார்கள், எத்தனை பங்கு பேர் போனார்கள் என்பதை மட்டுமே. ஏன் போனார்கள் என்பது அதில் இல்லை. ஷாட் நீளம் என்று போயிருக்கலாம். சொன்னது பொய்யென்று தோன்றிப் போயிருக்கலாம். தேடிவந்த விவரம் கிடைத்துவிட்டது என்று நிறைவோடு போயிருக்கலாம். பஸ் வந்துவிட்டது என்றும் போயிருக்கலாம். நான்குக்கும் ஒரே சரிவு, நான்குக்கும் ஒரே மருந்து.

தண்டையார்பேட்டையில் அகஸ்தியா தியேட்டர் இருந்தது. 1967ல் திறந்து 2020ல் மூடப்பட்டது. அங்கே படம் பார்த்தவர்களுக்கு, ஒரு காட்சி இழுக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வரைபடம் தேவைப்படவில்லை. கூட்டம் நெளிவது வேறு, மூச்சடக்கி இருப்பது வேறு. இருமல் தொடங்கினால் காட்சி தளர்ந்துவிட்டது. சத்தமே இல்லையென்றால் ஒன்று படம் கூட்டத்தை ஆட்கொண்டிருக்கும், இல்லை தூங்கவைத்திருக்கும். உள்ளே உட்கார்ந்திருந்தவருக்கு இரண்டின் வித்தியாசமும் தெரியும். பழைய எடிட்டர்கள் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்த் திரும்ப வெட்டியது இதற்காகத்தான். அந்தக் கூடங்கள் போனது நம் தொழிலுக்குப் பெரிய இழப்பு. அந்த இழப்பை வரைபடத்தில் சரியும் ஒரு கோடு ஈடுகட்டிவிட்டதாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை.

ஆய்வைக் காட்டினால்தான் நம்புவேன் என்பவர்களுக்கு ஆய்வையே காட்டலாம். ஹாலிவுட் ஷாட்களின் சராசரி நீளம் குறைந்துவந்தது உண்மை. 1930 முதல் 1960 வரை எட்டு முதல் பதினொரு வினாடி வரை இருந்த சராசரி, நூற்றாண்டு முடிவில் பல படங்களில் மூன்று முதல் ஆறு வினாடியாக இறங்கியதைத் திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்டுவெல் எழுதியிருக்கிறார். கோட்டுக்காரர்கள் இதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். 2010ல் உளவியலாளர் ஜேம்ஸ் கட்டிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1935 முதல் 2005 வரையிலான 150 படங்களை ஷாட் ஷாட்டாக அளந்து ஒன்றைக் கண்டார்கள். ஷாட்களின் நீளம் கூடிக் குறைகிற விதம், மனிதக் கவனம் இயல்பாகக் கூடிக் குறைகிற விதத்தை ஆண்டுக்காண்டு நெருங்கிவந்திருக்கிறது. அதாவது குறும் ஷாட்கள் கொத்தாக வருகின்றன, பிறகு நீண்ட ஷாட்கள் கொத்தாக வருகின்றன, அந்த அலைக்குள்ளே சின்ன அலைகள். இந்த ஏற்றத்தாழ்வைத்தான் மூன்று வினாடிக் கட்டம் அடியோடு அழிக்கிறது. அறிவியலைத் துணைக்கு அழைப்பதாக இருந்தால் அது கட்டத்துக்கு எதிராகத்தான் சாட்சி சொல்லும். அதோடு, ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் 'சார்பட்டா பரம்பரை' 2021ல் தியேட்டருக்கே வராமல் நேரடியாக வீட்டுத் திரைகளுக்குத்தான் வந்தது. எந்த நிமிடமும் நிறுத்திவிட முடிகிற வீட்டில், கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, எங்கள் தெருக்களில் அதைக் கடைசிவரை பார்த்தார்கள், மாதக்கணக்கில் பேசினார்கள்.

இன்னொரு வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். அதை யாரும் வாதமாக வைப்பதில்லை, வாழ்க்கையாக வைத்திருக்கிறார்கள். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, மணிக்கணக்கில் ஃபுட்டேஜ். நாளை மறுநாள் ஹைலைட்ஸ் வேண்டும். மிக்ஸிங் செய்கிற பையனுக்கு வீடியோவுக்கு இவ்வளவு என்று பேசிய தொகை, மணிக்குக் கிடையாது. அவன் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து, தாலி கட்டும்போது பெண்ணின் அம்மா எங்கே நின்றார், எப்போது கண்ணைத் துடைத்தார் என்று தேடினால் அந்தத் தொகை ஒருநாள் கூலிக்குக்கூட வராது. மார்க்கரும் டெம்ப்ளேட்டும் அவனுக்குத் தூக்கம் தருகின்றன. இதில் அவன் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் இது கூலிப் பிரச்சினை. கூலி போதாததால் வந்த பழக்கத்தை நல்ல எடிட்டிங்கின் இலக்கணம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். அவசரத்துக்காக ஒரு கட் போடுகிறவன், அவசரத்துக்காகப் போட்டேன் என்று தெரிந்துகொண்டாவது போடட்டும். அது தெரிந்திருந்தால், நேரமும் பணமும் கிடைக்கிற அன்று வேறு மாதிரி வெட்டுவான். இலக்கணமென்று நம்பிவிட்டவனுக்கு அந்த நாள் வந்தாலும் கை பழைய இடத்துக்கே போகும்.

அப்படிப் போனதன் விளைவு என்னவென்று பார்க்க வேண்டுமானால் எங்கள் பகுதியின் கண்ணீர் அஞ்சலி வீடியோக்களைப் பாருங்கள். ஒருவர் இறந்த அன்றே, ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற வேகத்தில், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஒரு குட்டி வீடியோ தயாராகிறது. டெம்ப்ளேட்டில் கட்டங்கள் முன்பே இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் நேரம் முன்பே நிர்ணயம். பன்னிரண்டு புகைப்படங்களைப் போட்டால் போதும். பீட் விழும்போது வெள்ளை மின்னல் அடித்து அப்பாவின் முகம் முன்னால் பாய்கிறது. முக்கால் வினாடியில் இன்னொரு மின்னல், அவருடைய கல்யாணப் படம். இன்னொரு மின்னல், பேரனைத் தூக்கிவைத்திருக்கும் படம். கப்பலில் சரக்கு இறக்கி முப்பது வருடம் உழைத்த மனிதருக்கு அவர் குடும்பம் பார்க்கக் கிடைக்கும் கடைசி வீடியோவில் ஒரு படத்துக்கு ஒரு வினாடிகூட இல்லை. அவர் மகள் அந்தக் கல்யாணப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதற்காகத் திரையில் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எடிட்டர் தரத் தவறிய நேரத்தை அவர் விரலால் எடுத்துக்கொண்டிருந்தார். சட்டைக்கு அளவெடுக்காமல் தைத்துவிட்டு உடம்பை அதற்குள் திணிக்கச் சொல்வதுபோலத்தான் இந்த டெம்ப்ளேட்.

கண்ணால் பார்த்து நேரம் கணிக்க உதவும் குறிகளே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். சினிமா வரலாற்றில் அவற்றுக்கு மரியாதையான இடமுண்டு. 35 எம்.எம். பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம், நிமிடத்துக்கு 90 அடி. மூவியோலா என்ற எடிட்டிங் இயந்திரத்தில் வெட்டிய எடிட்டர்கள் மெழுகுப் பென்சிலால் பிலிம் மேலேயே குறி போட்டார்கள். ஓட்டிப் பார்த்து, இங்கேதான் என்று மனது சொன்ன இடத்தில் போட்ட குறி அது. ஹாலிவுட்டில் இசையமைப்பாளர் ஆல்ஃப்ரெட் நியூமன் காலத்திலிருந்து, இசைக்குழுவை நடத்துகிறவருக்காகப் பிலிமின் மேல் சாய்வாக ஒரு கோடு கீறுவார்கள். மூன்றடி நீளக் கோடு திரையில் இரண்டு வினாடியில் இடமிருந்து வலம் நகர்ந்து போய், முடிவில் குத்திய துளை பளிச்சென்று அடிக்கும். அந்தத் துளைக்கு இசை வந்து விழவேண்டும். பிரெஞ்சு டப்பிங்கில் திரைக்குக் கீழே வசனம் எழுத்தாக ஓடும். எந்த அசை நீள்கிறதோ அந்த எழுத்தை அகலமாக எழுதியிருப்பார்கள். இவை மூன்றும் அருமையான கருவிகள். மூன்றிலும் வரிசை ஒன்றுதான்: படம் முதலில், முடிவு அடுத்து, குறி கடைசியில். இன்று குறி முதலில் வருகிறது. எடிட்டர் இன்னும் பார்க்காத ஃபுட்டேஜுக்கு மென்பொருள் நேரம் நிர்ணயித்துவிடுகிறது. என் சண்டை இந்த வரிசையோடுதான்.

"புதுசா வர்ற பசங்களுக்கு ஏதாவது பிடிமானம் வேணாமா சார்?" என்று ஒரு பயிற்றுநர் கேட்டார். வேண்டும். வால்டர் மர்ச் தரும் பிடிமானத்தைக் கொடுங்கள். 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' படத்துக்கு எடிட்டிங் ஆஸ்கர் வாங்கிய அவர், நின்றுகொண்டு வெட்டுகிறவர். ஷாட்டை ஓடவிட்டு, வெட்டவேண்டும் என்று உடம்பு சொல்கிற கணத்தில் பொத்தானை அடிப்பார். குறித்துக்கொண்டு, திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டு மறுபடி அடிப்பார். இரண்டு முறையும் ஒரே ஃப்ரேமில் விழுந்தால் அந்த இடம் சரி. வேறு வேறு இடத்தில் விழுந்தால் அவருக்கு அந்த ஷாட் இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். வினாடிக்கு 24 ஃப்ரேமில் ஒரே ஃப்ரேமை இருமுறை தொடுவதைவிடக் கடுமையான ஒழுங்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது? மர்ச்சும் ஒரு கண்குறி வைத்திருப்பார். திரையின் இரு ஓரத்திலும் காகிதத்தில் வெட்டிய குட்டி மனித உருவங்களை ஒட்டிவைப்பார். பெரிய திரைக்கு முன்னால் மனிதர்கள் எவ்வளவு சிறியவர்களாக உட்கார்ந்திருப்பார்கள் என்பதை அவை நினைவூட்டும். பார்க்கிறவரை நினைவில் நிறுத்தும் குறி அது.

நம் வகுப்புகளில் இதைச் செய்வதற்குச் செலவே இல்லை. டைம்லைனை மறைத்துவிட்டு முழுத்திரையில் மட்டும் ஃபுட்டேஜை ஓடவிடச் சொல்லுங்கள். காசிமேட்டு மீன் ஏலத்தில் ஒரு கூடை கைமாறுவதைப் பாட்டில்லாமல், அங்கிருந்த சத்தத்தோடு மட்டும் வெட்டச் சொல்லுங்கள். ஒருவர் பேசி முடித்தபின் அவர் மூச்சு அடங்கும்வரை ஷாட்டை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்தபிறகு பாட்டை ஏற்றுங்கள். ஒத்துப்போகாத இடங்களில் பாட்டை நகர்த்த முடிகிறதா என்று முதலில் பாருங்கள். படத்தைத் தொடுவது அதற்குப் பிறகு.

"கஸ்டமர் இதைத்தான் கேக்குறாங்க" என்பது கடைசி அரண். கஸ்டமருக்கு நீங்கள் இதைத் தவிர வேறெதையும் காட்டியதே இல்லை. அஞ்சலி வீடியோ கேட்டு வருகிற வீட்டுக்கு டெம்ப்ளேட்டில் ஒன்று செய்யுங்கள். கூடவே, மூன்றே புகைப்படங்களை வைத்து, மின்னல் இல்லாமல், ஒவ்வொன்றும் பத்து வினாடி நிற்கும்படி இன்னொன்றும் செய்யுங்கள். இரண்டாவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, கூலி குறைந்த பையனுக்கும் இது கட்டுப்படியாகும். இரண்டையும் அந்த வீட்டு அம்மாவிடம் கொடுத்து, எது வேண்டும் என்று அவரையே கேளுங்கள்.